இந்த வருஷம் வாக்குத்தத்த அட்டை எடுக்கப் போகவா, வேண்டாமா?

கேள்வி: ஆற்றங்கரை அக்கா
2024 டிசம்பர் 27, இரவு 9:40

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இத்தனை நாளாக இங்கே வாசித்துவிட்டுப் போய்விடுவேன். முதல் தடவையாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் ஏரலுக்குப் பக்கம், தாமிரபரணிக் கரை. சி.எஸ்.ஐ. சபை. சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். டிசம்பர் 31 ராத்திரி 11 மணிக்குக் கோயிலில் கூடுவோம். 12 ஆகக் கொஞ்சம் முன்னால் எல்லாரும் முழங்காலில் நின்றுவிடுவோம். சின்னப் பிள்ளைகள்கூடச் சத்தம் போடாது. 12 அடிக்கும்போது கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்குட்டியார் மணிக் கயிற்றை இழுப்பார். அப்புறம் திருவிருந்து. எல்லாம் முடிந்து வெளியே வரும்போது வாசலில் ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் என்ன வசனம் வருகிறதோ அதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குத் தந்த வார்த்தை. அப்படித்தான் சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம்.

என் வீட்டுக்காரர் எங்கள் ஊர்க் கிளை அஞ்சலகத்தில் போஸ்ட்மாஸ்டராக இருந்து 2023-இல் ஓய்வு பெற்றவர். எங்கள் கல்யாணத்துக்கு அடுத்து வந்த புத்தாண்டு 1986. அந்த வருஷத்திலிருந்து அவர் எடுத்த அட்டை ஒன்றைக்கூடத் தொலைத்ததில்லை. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. டிசம்பர் 31 சாயங்காலம் குளித்துவிட்டு, கோயிலுக்குக் கிளம்பும் முன்னால் அந்த வருஷத்து அட்டையை பைபிளிலிருந்து எடுப்பார். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும் இல்லையா, அதில் பென்சிலால் பொடி எழுத்தில் அந்த வருஷம் நடந்ததை எழுதுவார். தபால் கணக்கு எழுதுகிற மாதிரிதான் இருக்கும், அலங்காரம் ஒன்றும் இருக்காது. 1986 அட்டையில், "மூத்தவள் பிறந்தாள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். இம்மட்டும்." 1992-இல், "நவம்பரில் ஆற்றில் வெள்ளம். 4 நாள் தபால் வரவில்லை. இம்மட்டும்." 2020-இல், "கோயில் பூட்டு. பெரியம்மா அடக்கத்துக்கு 20 பேர். இம்மட்டும்."

எல்லா அட்டையிலும் கடைசி வார்த்தை அதுதான். "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்று பைபிளில் சாமுவேல் தீர்க்கதரிசி கல் நாட்டிச் சொன்னது. முழுசாக எழுத இடம் காணாது என்று ஒரு வார்த்தையோடு நிறுத்திவிடுவார்.

போன வருஷம் டிசம்பர் 17, 18-இல் இந்தப் பக்கம் பெய்த மழை எல்லாருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரு நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஜனங்களோடு அப்படியே நின்றுபோனது. எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். நாங்கள் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் இருந்தோம். தண்ணீர் வடிந்து வந்து பார்த்தால், அலமாரியின் கீழ்த்தட்டில் அட்டைகள் வைத்திருந்த பிஸ்கட் டப்பா சேறோடு கிடந்தது. அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தார். கரண்ட் இல்லை, ஃபேன் இல்லை. மாடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, பழைய சேலையை விரித்து, ஒவ்வொரு அட்டை மேலும் ஒரு சரளைக் கல் வைத்துக் காயப்போட்டார். பளபளவென்று அச்சடித்த அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால் பிரிக்கும்போது ரோஜாப்பூ படமும் வசனமும் உரிந்து வந்துவிட்டன. எட்டு அட்டைகளில் வசனமே இல்லை. ஆனால் பின்பக்கம் பென்சிலில் எழுதியது ஒரு எழுத்துகூட அழியவில்லை. அதைப் பார்த்து அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்த வருஷமும் எழுதினார். "17, 18 வெள்ளம். இடுப்பளவு. இருவரும் சுகம். இம்மட்டும்." கோயிலுக்குள்ளும் தண்ணீர் வந்து போயிருந்தது. கழுவியும் சேற்று வாடை போகாத கோயிலில்தான் 2024 பிறந்தது. அன்றைக்கு அவர் எடுத்த அட்டை சங்கீதம் 91:16. "நீடித்த நாட்களால் அவனைத் திருப்தியாக்கி, என் இரட்சிப்பை அவனுக்குக் காண்பிப்பேன்." வாசல் விளக்கில் கண்ணைச் சுருக்கி வாசித்துவிட்டு, "பார்த்தியா, இன்னும் ரொம்ப நாளைக்கு நீ என்னைச் சகிச்சுக்கணும்" என்று சிரித்தார்.

ஆகஸ்டு 20, செவ்வாய்க்கிழமை. காலையில் காப்பி குடித்தார். நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றார். தூத்துக்குடிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. வயசு 66.

துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், அந்த அட்டையைப் பற்றித் தெரிந்தவர், "விசுவாசத்தோட பிடிச்சிருந்தா வாக்குத்தத்தம் பலிச்சிருக்கும்" என்று என் காது படச் சொல்லிவிட்டுப் போனார். நாலு மாதமாக அது எனக்குள் கிடக்கிறது.

இப்போது டிசம்பர் 31 வருகிறது. அந்த அட்டை அவருடைய பைபிளில் 91-ஆம் சங்கீதத்தில்தான் இருக்கிறது. பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது. நான் கேட்பது இரண்டு. அந்தத் தட்டில் கை வைக்க எனக்குப் பயமாக இருக்கிறது. நல்ல வசனம் வந்தால் நம்ப முடியாது, எடுக்காமல் வந்தால் ஆண்டவரிடம் கோபித்துக்கொண்டு வந்த மாதிரி இருக்கும். போகவா, வேண்டாமா? இன்னொன்று, அவருடைய அட்டையின் பின்பக்கத்தை அப்படியே விடுவதா, நான் எழுதுவதா? எழுதினால் "இம்மட்டும்" என்று எப்படி எழுதுவேன்?

பதில்: ஜெப வீரன்
டிசம்பர் 27, இரவு 10:15

சகோதரி, உங்கள் துக்கத்தில் பங்கெடுக்கிறேன். ஆனால் அவிசுவாசத்துக்கு இடம் கொடுத்துவிடாதீர்கள். "பின்னானவைகளை மறந்து, முன்னானவைகளை நாடி" என்று பவுல் சொல்கிறார் (பிலிப்பியர் 3:13). பழைய அட்டையை எடுத்து வைத்துவிடுங்கள். 2025-க்கான ஆசீர்வாதத்தைச் சுதந்தரித்துக்கொள்ள விசுவாசத்தோடு போங்கள். உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

பதில்: ஏரல் கடைக்காரன்
டிசம்பர் 28, காலை 6:50

அக்கா, நான் உங்கள் கோயில்காரன் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் நின்றவன். கடையில் அரிசி மூட்டை, பருப்பு, சீனி எல்லாம் போனது. உங்கள் வீட்டுக்காரர் யார் என்று தெரியவில்லை. ஆனால் எங்கள் அம்மாவுக்கு முதியோர் பென்ஷன் மணியார்டர் எண்ணிக் கொடுத்த போஸ்ட்மாஸ்டர் அண்ணாச்சி ஒருத்தர் எனக்கும் உண்டு.

எங்கள் வீட்டில் சித்திரை விசுவுக்குக் கனி காண்பது வழக்கம். ராத்திரியே தாம்பாளத்தில் பழம், பூ, காசு, நகை வைத்து அதற்குப் பின்னால் கண்ணாடி. விடிந்ததும் முதலில் அதில்தான் முழிக்க வேண்டும். இந்த ஏப்ரல் 14-இல், குரோதி வருஷப் பிறப்பன்று, கடை திறந்து முழுசாக மூன்று மாதம்கூட ஆகவில்லை. புதுக் கண்ணாடி வாங்க மனசில்லை. பழைய கண்ணாடியில் பாதிக்கு மேல் வெள்ளத் தண்ணீர் ஏறிய கறை. அம்மா அதையே வைத்தார்கள். நான் முழித்துப் பார்த்தால் கறைக்குள்ளேதான் என் மூஞ்சி தெரிந்தது. சங்கடமாகத்தான் இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "உன் மூஞ்சி இருக்குல்ல, அது போதும்" என்றார்கள். அன்றைக்கு வேப்பம்பூப் பச்சடியிலும் பூவைக் கொஞ்சம் கூடவே அள்ளிப் போட்டார்கள். வெல்லம் வழக்கம்போலத்தான். நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டோம்.

எழுதுங்கள் அக்கா. அண்ணாச்சி எழுதாமல் விட்டதில்லையே.

பதில்: மட்டக்களப்பு மெதடிஸ்ட்
டிசம்பர் 28, பகல் 1:20

அக்கா, வாசித்து முடிக்க முடியாமல் இரண்டு தரம் எழும்பிப் போய் வந்தேன்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிறு. எனக்கு அப்போது 15 வயது. நாவலடியில் இருந்த மாமாவும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் கடலோடு போய்விட்டார்கள். மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. அந்த 31-ஆம் தேதி இரவு ஆராதனையில் எங்கள் சேர்ச்சில் ஒருவரும் அட்டை கேட்கவில்லை, ஒருவரும் கொடுக்கவும் இல்லை. மண்டபத்தில் இடம்பெயர்ந்த சனம் பாயில் படுத்திருந்தது.

எங்கள் மெதடிஸ்ட் திருச்சபையில் வருஷத்தின் முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனை நடக்கும். 1755-இல் லண்டனில் ஜோன் வெஸ்லி தொடங்கி வைத்தது. அட்டையில் ஆண்டவர் நமக்கு வாக்குக் கொடுப்பார், இதில் நாம் அவருக்குக் கொடுக்க வேண்டும். நான் இனி எனக்குச் சொந்தமில்லை, என்னை வேலைக்கு வைத்தாலும் சரி, பாடுபட வைத்தாலும் சரி, நிரப்பினாலும் சரி, வெறுமையாக்கினாலும் சரி என்கிற கருத்தில் எல்லோரும் சேர்ந்து சொல்லுவோம். 2005-இல் அது ஜனவரி 2-ஆம் தேதி வந்தது. கடல் வந்து ஒரு கிழமைதான்.

"வெறுமையாக்கினாலும்" என்ற இடம் வந்தபோது சேர்ச்சில் பாதிச் சத்தம் நின்றுபோனது. எனக்குப் பக்கத்தில் அம்மா வாயைத் திறக்கவே இல்லை. புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். போதகர் அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, சொல்லக் கூடியவர்களோடு மெதுவாக முடித்தார். 2006-இலும் அம்மா சொல்லவில்லை. 2007-இல் சொன்னார். எனக்கு அது நல்லாக நினைவிருக்கிறது, ஏனென்றால் சொல்லிவிட்டு என் கையை இறுக்கிப் பிடித்தார்.

அந்த இரண்டு வருஷமும் அம்மா ஆராதனைக்குப் போகாமல் இருந்ததில்லை. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். போங்கள் அக்கா. எழுத முடிந்ததை எழுதுங்கள். "இம்மட்டும்" வராவிட்டால் வர வேண்டாம். இடம் விட்டு வையுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற குருவானவர்
டிசம்பர் 28, இரவு 8:05

அம்மா, 34 வருஷம் அந்தத் தட்டை வாசலில் வைத்தவன் நான். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்களிடம் அந்த வார்த்தையைச் சொன்னவருக்கு என் பதில். பிசாசு இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, தாழக் குதியும், தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள் என்று ஒரு வசனத்தைக் காட்டினானே, அது எந்தச் சங்கீதம்? இதே 91-தான், 11, 12 வசனங்கள். வசனத்தில் பிழை இல்லை. அதை உத்தரவாதப் பத்திரம்போல நீட்டியதுதான் பிழை. "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்று இயேசு மறுத்துவிட்டார். அவர் குதிக்கவில்லை. அது அவிசுவாசமா? உங்கள் வீட்டுக்காரர் அந்த அட்டையை வாசித்துச் சிரித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைவிட என்ன விசுவாசத்தோடு பிடிக்க முடியும்? அந்த ஆள் சொன்னதைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

அட்டையின் கதைக்கு வருகிறேன். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவியச் சகோதரர்கள் என்ற கிறிஸ்தவச் சபையார் 1728-இலிருந்து தினமும் காலையில் ஒரு வசனத்தை வீடு வீடாகப் போய்ச் சொல்லத் தொடங்கினார்கள். பிறகு சீட்டுப் போட்டு வசனங்களைத் தெரிந்தெடுத்து வருஷத்துக்கு ஒரு புத்தகமாக அச்சிட்டார்கள். இன்றைக்கும் அது வந்துகொண்டிருக்கிறது. அந்த மொரேவியரில் சிலர் 1760-இல் நம் தரங்கம்பாடிக்கே வந்து குடியேறினார்கள். வந்தவர்களில் பலர் காய்ச்சலில் மாண்டுபோனார்கள். அவர்களும் தினம் ஒரு வசனம் எடுத்தவர்கள்தானே. வசனத்தை இன்றைக்கு நடப்பதற்கான ஜாதகமாக அவர்கள் வாசித்திருந்தால் ஒரு மாதம்கூட விசுவாசத்தில் நின்றிருக்க முடியாது.

தப்பு எங்கள் பக்கமும் இருக்கிறது. அட்டைக்கு வசனம் தெரிந்தெடுக்கும்போது இனிப்பானதை மட்டும் எடுத்துவிடுகிறோம். வருஷக் கடைசி ஆராதனையில் 90-ஆம் சங்கீதம் வாசிப்போம். அதில் "எங்கள் நாட்களை எண்ணும் அறிவை எங்களுக்குப் போதித்தருளும்" என்று இருக்கிறது. அந்த வசனம் போட்ட அட்டையை நான் ஒரு தடவைகூட வாங்கி வைக்கவில்லை. எல்லாருக்கும் பிடித்த எரேமியா 29:11, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே", அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். அதற்கு முந்திய வசனத்தில் எழுபது வருஷம் ஆகும் என்று இருக்கிறது. கடிதத்தை வாசித்த பெரியவர்களில் பாதிப்பேர் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள். அவர்களிடம்தான், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்று எரேமியா சொல்கிறார். நம்மை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்தல் என்று நாம் பிரசங்கத்தில் சொல்வது எனக்கு அந்தத் தோட்டம்தான்.

கடைசியாக, "இம்மட்டும்". 1 சாமுவேல் 7-இல் சாமுவேல் கல்லை நிறுத்தி எபெனேசர் என்று பேரிட்டார். நாம் அதை வெற்றிக் கல்லாக மட்டும் நினைக்கிறோம். எபெனேசர் என்ற பெயர் வேதத்தில் முதலில் எங்கே வருகிறது என்று பாருங்கள். நாலாம் அதிகாரம். இஸ்ரவேலர் எபெனேசரில் பாளயமிறங்கினார்கள், முறிந்து ஓடினார்கள். முதலில் 4,000 பேர் விழுந்தார்கள், பிறகு 30,000 பேர். உடன்படிக்கைப் பெட்டியே பறிபோனது. அதைக் கேட்ட ஆசாரியர் ஏலிக்கு நாற்காலியிலிருந்து விழுந்து உயிர் போனது. பெட்டி திரும்பி வந்து இருபது வருஷம் சென்றுதான் சாமுவேல் கல் நாட்டினார். அந்தக் கல்லுக்கு, தோற்ற இடத்தின் பேரையே வைத்தார். வேறு பேர் கிடைக்காமலா வைத்தார்?

ஆகவே தம்பி ஜெப வீரனுக்கு ஒன்று. மறக்கச் சொல்லாதீர்கள். மறக்காமல் இருக்கத்தானே கல் நாட்டுவது. பவுல் மறந்தேன் என்று சொன்னது தன் சொந்தப் பெருமைகளை. அதே அதிகாரத்தில் கொஞ்சம் மேலே வாசித்துப் பாருங்கள்.

அம்மா, தட்டில் கை வைப்பதும் வைக்காததும் உங்கள் விருப்பம். அட்டை எடுக்காமல் போனதற்காக ஆண்டவர் ஒருவரையும் கணக்குக் கேட்கமாட்டார். ஆனால் பென்சிலை எடுங்கள்.

பதில்: ஜெப வீரன்
டிசம்பர் 28, இரவு 9:30

ஐயா, ஏற்றுக்கொள்கிறேன். அக்கா, நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்கு வயசு 24. என் வீட்டில் இன்னும் ஒரு மரணம்கூட நடக்கவில்லை.

ஆற்றங்கரை அக்கா
2025 ஜனவரி 2, காலை 11:10

எல்லாருக்கும் நன்றி. தம்பி, மன்னிப்பெல்லாம் எதற்கு. நீ ஜெபிக்கிறேன் என்று சொன்னதை நான் விட்டுவிடவில்லை.

31-ஆம் தேதி சாயங்காலம் மூத்தவளும் பேத்தியும் வந்திருந்தார்கள். மகள் அச்சுமுறுக்கு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். நான் குளித்துவிட்டு அவருடைய மேஜையில் போய் உட்கார்ந்தேன். அவர் உட்காருகிற நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை. பென்சில் டிராயரில் இருந்தது, பிளேடால் சீவிய முனை, அவர் சீவியதுதான். பிஸ்கட் டப்பாவைத் திறந்து 1986-இலிருந்து வரிசையாக அடுக்கினேன். வசனம் உரிந்துபோன எட்டையும் பின்பக்கம் பார்த்து அந்தந்த வருஷத்தில் வைத்தேன். எல்லாவற்றையும் வாசித்தேன். கிணறு வற்றிய வருஷம் இருக்கிறது. இரண்டாவது பிள்ளை வயிற்றிலேயே போன வருஷம் இருக்கிறது. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். 1990. "பையன். பேர் வைக்கவில்லை. இம்மட்டும்." அன்றைக்கு அவர் எப்படி அந்தக் கடைசி வார்த்தையை எழுதினார் என்று தெரியவில்லை. உற்றுப் பார்த்தால் அந்த அட்டையில் மட்டும் அது வேறு அழுத்தத்தில், கொஞ்சம் தள்ளி இருக்கிறது. மற்ற எழுத்து மங்கல், அது கறுப்பு. பிறகு என்றைக்கோ எழுதியிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மட்டக்களப்புத் தங்கச்சி, உன் அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

2024 அட்டையில் நான் எழுதியது இவ்வளவுதான்: "பேத்தி ஐந்தாம் வகுப்பு. வீட்டுக்கு வெள்ளை அடித்தோம். ஆகஸ்டு 20 செவ்வாய், காலை காப்பி குடித்தபின் இவர் ஆண்டவரிடம் போனார்." அவர் எழுத்து அளவுக்குப் பொடியாக வரவில்லை. பாதி அட்டைக்கு மேல் போய்விட்டது. கீழே ஒரு வரி இடம் விட்டேன்.

கோயிலுக்குப் போனேன். முழங்காலில் நிற்க முடியவில்லை, பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது. திருவிருந்து எடுத்தேன். வாசலில் பேத்தி என் கையைப் பிடித்துத் தட்டின் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். எடுத்தேன். வீட்டுக்கு வந்து டீ போட்டுக் குடிக்கும்போது அவள் வாசித்துக் காட்டினாள். என்ன வசனம் என்பதைவிட, அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்து, "இதுல இனி யாரு ஆச்சி எழுதுவா?" என்று கேட்டதுதான் எனக்குள் நிற்கிறது. நான்தான் என்றேன். உனக்கு வந்ததில் நீ எழுது என்று சொல்லி அவருடைய இன்னொரு பென்சிலை அவளுக்குக் கொடுத்தேன்.

2024 அட்டை இன்னும் டப்பாவுக்குள் போகவில்லை. 91-ஆம் சங்கீதத்திலேயே இருக்கிறது. அந்த ஒரு வரி இடமும் அப்படியே இருக்கிறது.